சேலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பக்கத்து கிளினிக் நல்ல கிளினிக்தானா என்று பார்ப்பது எப்படி?

சேலத்தில் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டில் "இங்க நல்ல டாக்டர் யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "அந்த முக்குல இருக்காருங்களே, அவருக்குக் கைராசிங்க. ஒரே ஊசி, காய்ச்சல் பறந்துரும்."

சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் கைராசியை மட்டும் நம்பி ஒரு டாக்டரை முடிவு செய்துவிடாதீர்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாகவே இறங்கிவிடும். நாம் முதல் நாள் கஷாயம் குடிக்கிறோம், இரண்டாம் நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறோம், மூன்றாம் நாள் டாக்டரிடம் போகிறோம். நாலாம் நாள் காய்ச்சல் விடுகிறது. பெயர் மூன்றாம் நாள் பார்த்தவருக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் இதைப் புரியவைத்தது என் மாமியாரின் முழங்கால். கணவருக்கு ரயில்வேயில் மாற்றல் வந்து திருவாரூரிலிருந்து சூரமங்கலத்துக்கு வந்தோம். மாமியாருக்குப் பதினைந்து வருடமாக சுகர். வந்த இரண்டாம் மாதம் மூட்டுவலியில் எழுந்திருக்கவே முடியவில்லை. தெருவில் எல்லோரும் சொன்ன கைராசி டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஒரு ஊசி. அன்று சாயங்காலமே அத்தை எழுந்து சமையலறைக்கு நடந்து வந்து, தானே காபி கலந்து குடித்தார். வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் ராத்திரி தாகம், அடிக்கடி பாத்ரூம், தலைசுற்றல். பார்த்தால் சுகர் 412. வேறொரு டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஊசி போட்டாங்க?" எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கணவர் திரும்பிப் போய் விசாரித்தபோது கம்பவுண்டர் காலிக் குப்பியை எடுத்துக் காட்டினார். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு மருந்து. வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும், கூடவே சுகரையும் ஏற்றிவிடும். "சுகர் இருக்கா?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

டாக்டர் கொடுத்த மருந்து சரியா என்று தீர்மானிக்கும் படிப்பு நமக்கு இல்லை. ஆனால் கேட்டாரா, தொட்டுப் பார்த்தாரா, எழுதிக் கொடுத்தாரா, அடுத்து என்ன செய்யணும் என்று சொன்னாரா? இந்த நாலையும் கவனிக்கப் படிப்பு தேவையில்லை. கீழே சொல்லும் எல்லாமே இந்த நாலுக்குள் அடங்கும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள்

நள்ளிரவில் குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுச் சாமான்களை அடுக்கி முடித்த வாரத்திலேயே இந்த வேலையையும் முடித்துவிடுங்கள். பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க, குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் காட்ட என்று சின்னக் காரணத்தோடு ஒருமுறை போங்கள். முதல் முறை போவது வைத்தியத்துக்கு அல்ல, பார்த்து வைப்பதற்கு.

வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பவராகப் பாருங்கள். பெரிய ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரிகளைத் தேடி ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். அம்மாபேட்டையில் குடியிருந்துகொண்டு சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அங்கே போய் டோக்கன் வாங்கி உட்கார வேண்டியதில்லை. குடும்ப டாக்டர் என்பவர் நம் வீட்டு ஆட்களின் பழைய கதை தெரிந்தவர். அடிக்கடி போக முடிந்தால்தான் அந்தக் கதை அவருக்குத் தெரியும்.

போகும் முன் போனில் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை மணிக்கு இருப்பார், ஞாயிற்றுக்கிழமை உண்டா, அவர் ஊரில் இல்லாத நாளில் யாரைப் பார்ப்பது. பகலில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை, சாயங்காலம் மட்டும் சொந்த கிளினிக் என்று இருப்பவர்கள் பலர். அது குறை இல்லை. ஆனால் காலை பதினோரு மணிக்கு உடம்பு முடியாமல் போனால் எங்கே போவது என்று அவர்கள் தரப்பிலிருந்து தெளிவான பதில் வர வேண்டும்.

பலகையில் என்ன இருக்கிறது

இது இரண்டு நிமிட வேலை, ஆனால் விட்டுவிடாதீர்கள். பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ். அடிப்படைப் பட்டம். எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. எல்லாம் மேற்படிப்பு. சித்த மருத்துவத்துக்கு பி.எஸ்.எம்.எஸ்., ஹோமியோபதிக்கு பி.ஹெச்.எம்.எஸ். எந்த மருத்துவம் வேண்டும் என்பது உங்கள் விருப்பம், எந்த மருத்துவரிடம் வந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டத்தோடு பதிவு எண் இருக்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள், அந்த எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் போடச் சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம். கிளினிக்கும் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் வந்தது, விதிகள் 2018-ல் வந்தன. மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இதைக் கவனிக்கிறது. சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தால் நல்லது.

காத்திருக்கும் அரை மணி நேரம்

டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் செல்போனை எடுக்காதீர்கள். கிளினிக்கைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளும் நேரம் இதுதான்.

முதலில் சிஸ்டரைப் பாருங்கள். மூச்சு வாங்குகிற குழந்தையை ஒருவர் தூக்கிக்கொண்டு வருகிறார். சிஸ்டர் எழுந்து குழந்தையின் நெஞ்சைப் பார்த்து நேராக உள்ளே அனுப்புகிறாரா, "முப்பத்தாறாம் நம்பர், உட்காருங்க" என்கிறாரா? அந்த ஒரு நிமிடம் போதும், அந்த கிளினிக்குக்கு எது அவசரம் என்று தெரியும்.

ஊசி போடும் மேசைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போட்ட ஊசியை உடனே வெட்டிப்போடும் சின்னக் கருவியோ, ஊசி குத்தி வெளியே வராத கெட்டியான வெள்ளை டப்பாவோ இருக்க வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் கூடையில், பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்பில், கண்ணாடிக் குப்பி நீலத்தில் போக வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு விதி. எல்லாம் ஒரே குப்பைத் தொட்டியில் கிடந்தால், அதைக் கையால் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளியின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊசி உறையைப் பிரிப்பது உங்கள் கண்முன் நடக்க வேண்டும். கை கழுவ சோப்பும் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். தரை பளபளப்பும் ஏ.சி.யும் இதற்கெல்லாம் பிறகுதான்.

உள்ளே போனதும்

எத்தனை நிமிடம் பார்த்தார் என்று கணக்குப் போட வேண்டாம். கூட்டமான கிளினிக்கில் ஐந்தே நிமிடத்தில் நன்றாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் கணக்கு.

நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே பேனா ஓட ஆரம்பித்துவிட்டதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, சுகர், பிரஷர், ஆஸ்துமா உண்டா, பெண்களிடம் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா: இவை கேட்காமல் விடக்கூடாத கேள்விகள். சேலத்தில் இன்னொரு கேள்வியும் முக்கியம் என்பேன்: "என்ன வேலை பார்க்கறீங்க?" தறி ஓட்டுபவரின் நுரையீரலில் பஞ்சுத் தூசி போகிறது. வெள்ளிப் பட்டறையில் இருப்பவர் நாளெல்லாம் ஊதுகுழலும் ஆசிடுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர்களுடைய இருமலும் ஆபீஸில் உட்காருபவரின் இருமலும் ஒன்றல்ல. தொழிலைக் கேட்கிற டாக்டர் இந்த ஊரை அறிந்தவர்.

இருமல் என்றதும் இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சொன்னால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறாரா என்று பாருங்கள். காசநோயாக இருந்தால் சிரப் மேல் சிரப்பாக எழுதும் ஒவ்வொரு வாரமும் வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவுகிற வாரம். இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மையங்களில் இலவசம். தனியார் டாக்டரும் காசநோயாளி வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம்.

பிரஷர் பார்ப்பதை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். எனக்கு இதுதான் நம்பிக்கையான உரைகல். சரியாகப் பார்ப்பவர் உங்களை முதுகு சாய்த்து, இரண்டு காலும் தரையில் படும்படி உட்காரவைப்பார். மாடி ஏறி வந்திருந்தால் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வார். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு வெறும் கையில் பட்டையைச் சுற்றுவார். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைப்பார். அளக்கும்போது பேசவிடமாட்டார். அதிகமாக வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்ப்பார். துணியின் மேலேயே பட்டையைக் கட்டி, கை தொங்க, நீங்கள் பேசிக்கொண்டே இருக்க, ஒரே ஒருமுறை அளந்து "160, மாத்திரை ஆரம்பிச்சுருங்க" என்றால், ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரை ஒரு தவறான அளவிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் திரை உண்டா, பெண்களைப் பார்க்கும்போது சிஸ்டரோ வீட்டு ஆளோ கூட இருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அடுத்த டோக்கன்காரர் உள்ளே நின்று உங்கள் வியாதியைக் கேட்டுக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. "அவரைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஊசி, டிரிப்ஸ், ஆன்டிபயாடிக்

இங்கே தவறு டாக்டர் பக்கம் மட்டும் இல்லை. "ஊசி போடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பது நாம்தான். போடாதவரிடம் அடுத்த முறை நாம் போவதில்லை. தறிக்கும் பட்டறைக்கும் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும், அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விழுங்க முடிகிற, வாந்தி இல்லாத ஆளுக்குச் சாதாரணக் காய்ச்சலில் மாத்திரை செய்யாத எதையும் ஊசி செய்துவிடாது. சாப்பிட முடிகிறவருக்கு ஏற்றும் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர்தான்.

ஊசி எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது என்ன மருந்துங்க? மாத்திரையா குடுத்தா ஆகாதுங்களா?" நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். பெயரைச் சொல்வார், சீட்டிலும் எழுதுவார்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்கு வேலை செய்யாது. மூக்கொழுகலுக்கும் முதல் நாள் காய்ச்சலுக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதும் இடத்தை நான் ஒதுக்கிவிடுவேன். அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போனால் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்., கூடவே 14 நாளுக்கு ஜிங்க், இவை இரண்டும் முதலில் வர வேண்டும். இவை இல்லாமல் ஆன்டிபயாடிக் சிரப் மட்டும் வந்தால் யோசியுங்கள்.

டெங்கு காலத்தில் கைராசி என்ற சொல்லே ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஆள் துவண்டுபோவது நடக்கிறது. "காய்ச்சல் விட்டுருச்சு, கைராசிதான்" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்காணிக்க வேண்டிய நாள். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, அளவுக்கு மீறிய சோர்வு: இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இதை வாய்விட்டுச் சொல்லி அனுப்புகிற டாக்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் பாராசிட்டமால்தான் பாதுகாப்பு. புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கையில் என்ன காகிதம் வருகிறது

கிளினிக்கிலேயே மாத்திரையைப் பிரித்துக் காகிதப் பொட்டலமாகக் கொடுப்பதை இன்னும் சில இடங்களில் பார்க்கலாம். வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி. விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி உடம்பெல்லாம் தடித்துப்போய் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே காட்ட எதுவும் இருக்காது. எங்கள் அத்தைக்கு நடந்தது அதுதான். சீட்டு கேட்டு வாங்குங்கள். தேதி, பெயர், வயது, என்ன நோய் என்று நினைக்கிறார், மருந்து, அளவு, எத்தனை நாள், எப்போது திரும்பி வர வேண்டும்: இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எழுத்து மெடிக்கல்காரருக்கு மட்டும் புரிந்தால் போதாது. அந்தச் சீட்டுக்கு அந்தக் கட்டடத்தில் உள்ள மெடிக்கலில் மட்டுமே மருந்து கிடைக்கிறது என்றால், அதே மூலப்பொருளில் வேறு கம்பெனி மருந்து உண்டா என்று கேளுங்கள்.

சுகர்காரர்கள் வீட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெறும் வயிற்று அளவை மட்டும் வருடக்கணக்காகப் பார்த்து அதே மாத்திரையைத் தொடரச் சொல்பவர் போதாது. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு வருடம் ஒருமுறை. அத்தோடு கால். செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து பாதத்தைப் பார்த்து, விரலிடுக்கைப் பிரித்து, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுக் கேட்கிற டாக்டரை நாங்கள் மூன்றாவது முயற்சியில்தான் கண்டுபிடித்தோம். அத்தையின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அவர் சிவப்பு மையில் எழுதினார்: "ஸ்டீராய்டு ஊசி போடும் முன் சுகர் பார்க்கவும்." எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறோம்.

அரசு இடங்களையும் இதே கண்ணால் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் பலர் தனியார் கிளினிக்கைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று விசாரித்து ஒருமுறை போய் வாருங்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, சுகர், பிரஷர் மாத்திரை எல்லாம் இலவசம். நடமாட முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்த நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பெரிய விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் என்றால் நகரின் நடுவில் உள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊரார் வாயில் ஜி.ஹெச்., இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். கூட்டம் இருக்கும், வரிசை இருக்கும். அங்கேயும் கேட்டாரா, தொட்டாரா, எழுதினாரா, சொன்னாரா என்றே பாருங்கள்.

ஏற்காட்டில் குடியேறுகிறவர்கள்

மலையில் கணக்கே வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை அல்ல, பாதையை. ஏற்காடு மெயின் ரோட்டில் அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. மழையும் பனிமூட்டமும் இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். சனி, ஞாயிறிலும் கோடை விழா நாட்களிலும் சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொள்ளும். நாகலூர், வெள்ளக்கடை பக்கம் எஸ்டேட்டில் குடியிருந்தால் ஏற்காடு டவுனுக்கு வரவே நேரம் பிடிக்கும்.

அதனால் மலையில் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது: ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாக உள்ளே இழுக்கவைக்கும் நெபுலைசர் இருக்கிறதா, ஈ.சி.ஜி. எடுக்க முடியுமா, ராத்திரி யார் இருப்பார். எல்லாவற்றையும்விட, எப்போது கீழே அனுப்புவீர்கள்? நெஞ்சுவலிக்கு "கேஸ் டிரபிள்தான், பார்க்கலாம்" என்று மலையிலேயே இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்பவரைவிட, ஈ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, கடிதம் எழுதி உடனே வண்டி ஏற்றுபவர் உயர்ந்த டாக்டர்.

காபித் தோட்டத்தில் வேலை என்றால் பாம்புக்கடியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இப்போது இருப்பில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். எளிய பரிசோதனைதான், ஆனால் விஷம் ரத்தத்தைத் தாக்கியிருக்கிறதா என்று அதில் தெரியும். அதைச் செய்கிறவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

சரிப்படவில்லை என்றால்

முதலில் டாக்டரிடமே நேராகச் சொல்லுங்கள். "நீங்க குடுத்ததுல தலைசுற்றல் வந்துச்சுங்க" என்றால் நல்லவர் சீட்டை வாங்கித் திருத்துவார். அவருக்கும் அது தெரிய வேண்டும். வேறு டாக்டரிடம் ஒரு கருத்து கேட்கப்போகிறேன் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் பழைய ரிப்போர்ட்டைக் கொடுப்பவர் நம்பத் தகுந்தவர்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த நாட்களின் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பது விதி. எழுத்து மூலமாகக் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கிளினிக் பதிவு, போலி டாக்டர் சந்தேகம் என்றால் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள், சுகாதாரத்துறையின் உதவி எண் அது.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். இன்றைக்கே ஒரு ஃபைல் வாங்குங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு உறை. முன் பக்கத்தில் பெயர், ரத்த வகை, நிரந்தர வியாதி, தினசரி மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து. அதைப் பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், ராத்திரியில் பதற்றத்தில் யார் தேடினாலும் கையில் அகப்படுகிற மாதிரி வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வையுங்கள்.